குட்டை உடைத்த புரமோட்டர்: ஜாக் ஃபெஃபர் கேள்வி பதில்

அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்தத்தின் ஆரம்பகாலப் புரமோட்டர்களில் (போட்டிகளை ஏற்பாடு செய்து டிக்கெட் விற்பவர்கள்) ஒருவரான ஜாக் ஃபெஃபரைப் பற்றிப் பலர் கேட்டவையும் என் பதில்களும்.

கே: அண்ணே, ஃபெஃபரும் ஒரு காலத்தில் கோதாவில் இறங்கியவரா?

ப: இல்லை தம்பி. ஆள் குள்ளம், ஒல்லி. 1894இல் போலந்தில் வார்சா பக்கம் பிறந்தவர். 1921இல் ஊர் ஊராகப் போகும் ஓர் இசை நாடகக் குழுவோடு அமெரிக்கா வந்து சேர்ந்தார். மேடைப் பழக்கம் கடைசிவரை போகவில்லை. நியூயார்க்கில் ஜாக் கர்லி என்ற பெரிய புரமோட்டரிடம் ஒட்டிக்கொண்டு, ஐரோப்பாவிலிருந்து மல்லர்களைத் தருவித்துக் கொடுத்தார்.

கே: ஜெயிப்பது யார் என்று முன்கூட்டியே பேசிவைத்ததைப் பத்திரிகைக்குச் சொன்னது இவர்தானாமே? ஏன் சொன்னார்?

ப: பங்கு கிடைக்காத ஆத்திரம், வேறென்ன! 1933 வாக்கில் கர்லி, டூட்ஸ் மாண்ட், பாஸ்டனின் பால் பவுசர், செயின்ட் லூயிஸின் டாம் பேக்ஸ் என்று பெரிய புரமோட்டர்கள் எல்லாம் தங்களுக்குள் இருந்த சண்டையை விட்டுவிட்டு, வருமானத்தைப் பகிர்ந்துகொள்ளக் கைகோத்தார்கள். ஃபெஃபரைக் கழற்றிவிட்டார்கள். அவர் நேராக நியூயார்க் டெய்லி மிர்ரரின் விளையாட்டுப் பத்தியாளர் டான் பார்க்கரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினார். பார்க்கர் அதை வைத்து, ஆட்டம் நடக்கும் முன்பே ஜெயிக்கப்போகிறவர் பெயரை அச்சில் போட்டார். அரங்கில் உட்கார்ந்து பேப்பர் படித்தவனுக்கு எப்படி இருந்திருக்கும்!

கே: அதோடு தொழில் படுத்துவிட்டதா?

ப: நியூயார்க்கில் நன்றாகவே அடி விழுந்தது. 1938க்குப் பிறகு அந்த ஊரின் பெரிய அரங்கமான மாடிசன் ஸ்கொயர் கார்டனில் பத்து வருடத்துக்கு மேல் மல்யுத்தமே கிடையாது. 1949இல்தான் திரும்பி வந்தது. ஆனால் பழி முழுவதையும் ஃபெஃபர் தலையில் கட்டுவது நியாயமில்லை. 1936 மார்ச்சில் அதே கார்டனில் டிக் ஷிகாட் என்பவர், பேசிவைத்ததை மீறி சாம்பியன் டானோ ஓமஹோனியை நிஜமாகவே மடக்கிப் பட்டத்தைப் பறித்தார். விவகாரம் கோர்ட்டுக்குப் போய் நாறியது. ஆளாளுக்கு ஓர் உலக சாம்பியனும் வைத்திருந்தார்கள். ரசிகன் எத்தனையைத்தான் நம்புவான்?

கே: சார், அப்புறம் அவர் பிழைப்பு எப்படி ஓடியது?

ப: தனிக்கடைதான். 1940இல் பவுசர், நோயால் தலையும் முகமும் பெருத்துப்போன மோரிஸ் டில்லே என்பவரை ‘பிரெஞ்சு ஏஞ்சல்’ என்று இறக்கிக் கூட்டம் சேர்த்தார். ஃபெஃபர் சும்மா இருப்பாரா? ‘ஸ்வீடிஷ் ஏஞ்சல்’ என்று ஒருவரைக் கொண்டுவந்தார். ஒருவரின் நோயைக் காசாக்கியதை என்னால் ரசிக்க முடியவில்லை.

அவருடைய போலிப் பெயர்கள் வேறு ரகம். அவரிடம் இருந்து பெரிய நட்சத்திரமான பட்டி ரோஜர்ஸ் விலகிப்போனதும் ‘பம்மி ரோஜர்ஸ்’ என்று ஒருவரை இறக்கினார். மற்ற பிரபல மல்லர்களுக்கும் இதே கதைதான்: லூ தெஸ்ஸுக்கு ‘லூ கெஸ்’, போபோ பிரேசிலுக்கு ‘ஹோபோ பிரேசில்’. போஸ்டரை அவசரமாகப் பார்த்தவன் அசலென்று நினைத்து டிக்கெட் வாங்கிவிடுவான். அயோக்கியத்தனம்தான், ஆனாலும் சிரிப்பு வருகிறது.

கே: ரகசியத் தொழிலாயிற்றே, இவரைப் பற்றி மட்டும் எப்படி இவ்வளவு தெரிகிறது?

ப: துண்டுச் சீட்டைக்கூடத் தூக்கிப் போடாத மனிதர். கடிதம், போஸ்டர், புகைப்படம் என்று சேர்த்துக்கொண்டே போனார். 1974இல் அவர் இறந்தார். அந்தக் குவியல் இப்போது இந்தியானாவில் உள்ள நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. மற்ற புரமோட்டர்கள் அவருக்கு எழுதிய கடிதங்களும் அதில் அடக்கம்.