‘உங்கள் நிலைமை புரிகிறது’ என்று ஆங்கிலத்தில் எழுதுவது: வாசகர் கேள்விகள்

வெள்ளவத்தை வாசகர்: முறைப்பாடுகளுக்கு ‘ஐ அண்டர்ஸ்டாண்ட் யுவர் கன்சர்ன், பட்…’ என்று பதில் எழுதுகிறேன். மேலதிகாரி வேண்டாம் என்கிறார். ஏன்?

அவர் சொல்வது சரி. ‘பட்’ வந்தவுடன் முன்னால் எழுதியது அழிந்துபோகிறது. அதைவிடப் பெரிய குறை, எந்தக் ‘கன்சர்ன்’ என்று நீங்கள் சொல்லவேயில்லை. கொழும்புக் கந்தோர்களிலிருந்து போகும் பதில்களில் இந்த வரியை வெட்டி ஒட்டுகிறார்கள். வாசிப்பவர் தன் கடிதத்தை யாரும் படிக்கவில்லை என்றே முடிவு கட்டுவார். மூன்று வசனம் போதும். முதலாவதில் அவருடைய விஷயம், திகதியோடு: ‘யூ பெய்ட் ஒன் த தேர்ட் ஒஃப் மே, அண்ட் த ஃபிரிட்ஜ் ஹேஸ் நொட் கம்.’ இரண்டாவதில் அவர் கோபத்திலுள்ள நியாயம்: ‘ஐ கேன் சீ வை யூ ஆர் அப்செட்.’ மூன்றாவதில் உங்கள் பதில்: ‘வீ வில் டெலிவர் இட் ஒன் டியூஸ்டே.’ இடையில் ‘பட்’ வேண்டாம். ‘ஹவெவர்’ போட்டுத் தப்பவும் பார்க்காதீர்கள், அதுவும் அதே வேலையைத்தான் செய்யும்.

கொட்டாஞ்சேனை: ‘ஐ அண்டர்ஸ்டாண்ட் தட்’, ‘ஐ அண்டர்ஸ்டாண்ட் வை’ இரண்டும் ஒன்றா?

இல்லை. முறைப்பாட்டுப் பதிலில் ‘தட்’ பெரும்பாலும் ‘அப்படி அறிகிறேன்’ என்ற அளவில்தான் நிற்கும். விசாரணை முடியாத விஷயத்துக்கு அது பாதுகாப்பு. ‘வை’ அவருடைய மனநிலைக்குக் காரணம் உண்டென்று ஏற்கிறது. புரிந்துகொள்வது வேறு, இணங்குவது வேறு. பிழை உங்கள் பக்கம் என்று உறுதியாகும்வரை ‘யூ ஆர் ரைட்’ எழுதாதீர்கள்.

தெஹிவளை: ‘ஐ ஆம் அண்டர்ஸ்டாண்டிங் யுவர் பொயின்ட்’ சரியா?

பிழை. ‘ஐ சீ யுவர் பொயின்ட்.’

பம்பலப்பிட்டி: பரீட்சைக் கட்டுரையில் எதிர்க்கருத்தை எங்கே வைப்பது?

எந்தப் பரீட்சை என்று நீங்கள் எழுதவில்லை; ஒரு சொல் போதுமாயிருந்திருக்கும். ஐஈஎல்டிஎஸ் என்னும் ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சை என்று எடுத்துக்கொள்கிறேன். 40 நிமிடத்தில் குறைந்தது 250 சொல் என்பதால் எதிர்க்கருத்துக்கு ஓரிரு வசனமே இடமுண்டு. உடற்பந்தி ஒன்றின் தொடக்கத்தில் ‘இட் இஸ் ட்ரூ தட்…’ என்று வைத்து, உடனே உங்கள் மறுப்புக்கு வாருங்கள். எதிர்த்தரப்பு உண்மையில் சொல்லக்கூடிய பலமான வாதத்தையே எடுங்கள்; நொண்டி வாதத்தை மறுத்து என்ன பயன்? ‘ஓல்தோ’வில் தொடங்கினால் நடுவில் ‘பட்’ வராது, கொமா மட்டும். இதை எத்தனை தரம் சொன்னாலும் ‘ஓல்தோ… பட்…’ வந்துகொண்டேயிருக்கிறது.

மருதானை: ‘ஐ ஆம் சொரி யூ ஃபீல் தட் வே’ பணிவானதுதானே?

இல்லை. நடந்ததில் குறையில்லை, குறை உங்கள் மனதில்தான் என்கிறது அது. நடந்ததற்கு வருத்தம் தெரிவியுங்கள்: ‘ஐ ஆம் சொரி ஃபோர் த டிலே.’

புறக்கோட்டை: துக்கம் விசாரித்து எழுதும்போது ‘ஐ நோ ஹவ் யூ ஃபீல்’ எழுதலாமா?

வேண்டாம். ‘ஐ ஆம் சோ சொரி ஃபோர் யுவர் லொஸ்’ என்று எழுதி, இறந்தவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த நல்லதொன்றை ஒரு வரியில் சேருங்கள்.