மடிப்புல கோடு விழுந்தா உடனே கையெழுத்துப் போடாதீங்க

சகோ, எட்டே மாசத்துல மடிப்பு ஃபோன் நடுவுல கறுப்புக் கோடு, காட்பாடி சர்வீஸ் சென்டர்ல "கஸ்டமர் டேமேஜ்", அதாவது நீங்களே கெடுத்ததுன்னு சொல்லி 40,000 ரூபாய் கேக்கறாங்கன்னு எழுதியிருக்கீங்க. அந்த எஸ்டிமேட்ல கையெழுத்துப் போட்டுடாதீங்க.

எனக்கும் போன அக்னி நட்சத்திரத்துல இதேதான். கீழ விழுந்த ஸ்க்ரீன்ல பெரும்பாலும் ஒரு புள்ளியிலிருந்து விரிசல் பரவும், ஃபிரேம்ல தழும்பு இருக்கும். என்னுதுல தழும்பே இல்ல. மடிப்போட நேர்கோடு, அங்கேயே மேல் ஃபிலிம் நகத்தளவு உப்பியிருந்தது. உள்ள இருக்கறது தலைமுடியைவிட மெல்லிசான கண்ணாடி, தினமும் மடங்கற இடம் அது. வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சு, நாலு ஓரமும் தெரியற மாதிரி வீடியோ எடுத்து வைங்க. டேமேஜ் எங்கே, எப்படின்னு ஜாப்ஷீட்ல (சர்வீஸ் சென்டர் குடுக்கற வேலைச் சீட்டு) எழுதித் தரச் சொல்லுங்க. என்கிட்ட வாயால அடிச்சுப் பேசினவங்க எழுதச் சொன்னதும் தடுமாறிட்டாங்க.

அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு ஃபோன் பண்ணிப் புகார் பதிவு பண்ணுங்க. அதுலயும் நகரலைன்னா வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம குடியிருக்கற மாவட்டத்துலயே வழக்குப் போடலாம், கம்பெனி இருக்கற ஊருக்கு அலைய வேணாம். பொருளுக்குக் குடுத்த விலை 5 லட்சம் வரைக்கும்னா கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்ல. பிரச்சினை வந்ததுலருந்து 2 வருஷத்துக்குள்ள போடணும், அவ்வளவுதான்.

அதுவரைக்கும் அந்த ஃபிலிமை உரிக்காதீங்க, வெளிக்கடையில திறக்கவும் குடுக்காதீங்க.