தடிமனோட சிம்பன்சியிட்ட போகாதீங்கோ: வாசகர் கேள்வி பதில்

போன இதழில உகண்டாவில சிம்பன்சி பார்க்கப் போன கதைய எழுதினதுக்குப் பிறகு, திருகோணமலைப் பக்கத்தில இருந்து மட்டும் இவ்வளவு கேள்வி வரும் எண்டு நான் நினைக்கேல்ல. ஆறு வருஷம் கம்பாலாவில கணக்கு வேலை செய்தனான், லீவு கிடைச்ச நேரமெல்லாம் காட்டுக்குத்தான் ஓடுறது, அந்தப் பழக்கத்திலயும் பேந்து தேடி வாசிச்சதிலயும் இருந்துதான் இந்தப் பதில்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒண்டாக்கிப் போட்டிருக்கிறன்.

உப்புவெளியில இருந்து ஓய்வுபெற்ற ரீச்சர் ஒராள்: கனடாவில இருக்கிற மகன் எங்கள் ரெண்டு பேரையும் உகண்டாவுக்குக் கூட்டிக்கொண்டு போகப் போறானாம். ஏஜென்ட் தந்த ப்ரோகிராமில ஏழு நாளுக்குள்ள சிம்பன்சி, கொரில்லா, சிங்கம், மேர்ச்சிசன் நீர்வீழ்ச்சி எல்லாம் கிடக்கு. எனக்கு 63 வயசு, முழங்கால் நோ. ஏலுமா?

ஏலும் ரீச்சர், ஆனா அந்த ப்ரோகிராமோட ஏலாது. வரைபடத்தை ஒருக்கா எடுத்துப் பாருங்கோ, கொரில்லா இருக்கிற ப்விண்டி தென்மேற்கு மூலையில கிடக்கு, மேர்ச்சிசன் வடமேற்கில, ரெண்டுக்கும் இடையில முழுக்க ரோட்டுத்தான். நீங்கள் காட்டைப் பார்க்கிறத விட வான் கண்ணாடியத்தான் கூடப் பார்ப்பீங்க. கம்பாலாவில இருந்து சிம்பன்சிக் காட்டுக்குப் பக்கத்து டவுனான ஃபோர்ட் போர்ட்டலுக்கே கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர், அஞ்சாறு மணித்தியாலம் எடுக்கும்.

என்னைக் கேட்டா ரெண்டே இடம் போதும். ஒண்டு சிம்பன்சி இருக்கிற கிபாலே தேசியப் பூங்கா, மற்றது அதுக்குக் கீழ கிடக்கிற குயின் எலிசபெத் பூங்கா. முதல் நாள் இரவு பிளேன் இறங்கிற என்டெபேயில படுத்து எழும்புங்கோ, கிபாலேயில மூண்டு இரவு, குயின் எலிசபெத்தில ரெண்டு இரவு, பேந்து திரும்புற வழி. கொரில்லாவ விட்டுடுங்கோ, அதுக்கு ஒராளுக்கு பெர்மிட் மட்டும் 800 டொலர், மலையும் செங்குத்து, உங்கட முழங்காலுக்கு அது சரிவராது. சிம்பன்சி பெர்மிட் 2024 ஜூலையில 200-ல இருந்து 250 டொலர் ஆக்கினவை, மகனிட்ட பெர்மிட் முதல்ல, ஹொட்டேல் பிறகு எண்டு சொல்லுங்கோ, ஏனெண்டா ஒரு குறூப்புக்கு ஆறு பேர்தான், சீசனில இடம் முடிஞ்சிரும். ஜூன் தொடக்கம் ஓகஸ்ட், இல்லாட்டி டிசம்பர் தொடக்கம் பெப்ரவரி மழை குறைஞ்ச காலம், வழுக்கலும் குறைவு.

கிபாலேயில கன்யஞ்சு எண்ட இடத்திலதான் எல்லாரும் கூடுறது. காலமை எட்டு மணிக்கு ஒரு நடை, பின்னேரம் ரெண்டு மணிக்கு இன்னொண்டு. ரேஞ்சர் முன்னுக்கு நடப்பார். பெரிய ஏற்றம் இறக்கம் இல்லை, ஆனா வேர், ஈர இலை, சேறு எல்லாம் இருக்கும், அதோட சிம்பன்சி ஒரு இடத்தில இருக்காது, அது ஓடினா நாங்களும் பின்னால கெதியா நடக்கவேணும். சிலநாள் அரை மணித்தியாலத்தில கண்டிடலாம், சிலநாள் மூண்டு நாலு மணித்தியாலம் போகும், நடக்கத் தொடங்க முதலே ரேஞ்சரிட்ட முழங்கால் கதைய வெளிப்படையாச் சொல்லுங்கோ, மெல்ல நடக்கிற ஆக்களோட சேர்த்து விடுவினம். பையைத் தூக்க அந்த ஊர்ப் பெடியங்களை கூலிக்குப் பிடிக்கலாம், அவசியம் பிடியுங்கோ, வழுக்கிற இடத்தில கை தருவாங்க, அந்தக் காசு காட்டுக்குப் பக்கத்தில இருக்கிற வீட்டுக்கே போகும்.

கடைசி ஒண்டு ரீச்சர், அந்தப் பாதையில காட்டோரமா தேயிலைத் தோட்டங்கள் வரும். நான் முதல்தரம் போகேக்குள்ள நுவரெலியாவுக்கு வந்திட்டனோ எண்டு நினைச்சன், வானை நிப்பாட்டி கொஞ்ச நேரம் சும்மா நிண்டனான்.

கிண்ணியாவில இருந்து ஒரு தம்பி: கொட்டியாரக்குடாவில பறவை படம் எடுக்கிறனான். சிம்பன்சிக்கு எவ்வளவு கிட்டப் போகலாம்? என்ன லென்ஸ் கொண்டு போறது?

ஏழெட்டு மீட்டருக்குக் குறையாமத்தான் நிக்கவேணும் தம்பி, இப்ப பத்து மீட்டர் எண்டு சொல்லுற இடங்களும் இருக்கு, ரேஞ்சர் சொல்லுறதுதான் சட்டம். அது தானா உங்களுக்குக் கிட்ட வந்தா நீங்கதான் பின்வாங்கவேணும். ஃபிளாஷ் அறவே கூடாது. உங்கட பறவை லென்ஸ் அங்க இருட்டு, காட்டுக்குள்ள மதியத்திலயும் பின்னேர வெளிச்சம்தான். 70-200 மாதிரி, துவாரம் பெரிசா திறக்கிற லென்ஸ் ஒண்டைக் கொண்டு போங்கோ, ஐஎஸ்ஓவ ஏத்தப் பயப்படாதீங்கோ, ட்ரைபொட் வேண்டாம். நீண்ட லென்ஸ குயின் எலிசபெத்துக்கு வையுங்கோ.

ஆனா ஒண்டு கேக்கட்டா? கண்டதில இருந்து உங்களுக்குத் தாறது ஒரே ஒரு மணித்தியாலம். முதல் இருவது நிமிஷம் எடுங்கோ, பேந்து கமெராவ கீழ விடுங்கோ. நான் ரெண்டாம் தரம் போகேக்குள்ள அப்பிடித்தான் செய்தனான். வயசான ஆண் ஒண்டு மரத்தடியில குந்தியிருந்து அத்திப்பழம் சப்பிக்கொண்டிருந்திச்சு. பழத்தை விழுங்கேல்ல, கீழ் உதட்டை ஒரு கிண்ணம் மாதிரி நீட்டி அதுக்குள்ள சக்கையை வச்சு அமத்தி அமத்திச் சாறை மட்டும் உறிஞ்சிச்சு, இடைக்கிடை உதட்டை நீட்டிச் சக்கைய தானே குனிஞ்சு பார்த்திச்சு, சாறு முடிய துப்பிப்போட்டு கைய மடியில வச்சுக்கொண்டு சும்மா இருந்திச்சு. அந்தக் கைய பார்க்கேக்குள்ள எனக்கு எங்கட அப்பப்பா வலை பொத்தின கைதான் ஞாபகம் வந்தது, அதே தடிச்ச விரல், அதே வெடிச்ச தோல், நகமும் அப்பிடியே. அதில ஒரு படமும் என்னட்ட இல்லை, ஆனா ஆறு வருஷத்தில நான் கண்டதில அதுதான் இண்டைக்கும் கண்ணுக்குள்ள நிக்குது.

நிலாவெளியில இருந்து ஒரு தாய்: பிள்ளைகளுக்கு 9, 14 வயசு. கூட்டிக்கொண்டு போகலாமா தம்பி?

சிம்பன்சி நடைக்கு வயசெல்லை இருக்கு அக்கா, ஒன்பது வயசுக்கு விடமாட்டினம். மூத்ததுக்கு புக் பண்ண முதல் பாஸ்போட்டில இருக்கிற பிறந்த திகதிய அனுப்பி எழுத்தில பதில் எடுங்கோ. சின்னவரோட ஒராள் லொட்ஜில நிக்க வேண்டி வரும், நீங்களும் உங்கட மனிசனும் காலமை ஒராள் பின்னேரம் ஒராள் எண்டு மாறி மாறிப் போகலாம். குயின் எலிசபெத்தில பிள்ளைகளுக்கு ஒரு கவலையும் இல்லை, கசிங்கா கால்வாயில போட் ஓடும், எட்வேர்ட் ஏரியையும் ஜோர்ஜ் ஏரியையும் இணைக்கிற கால்வாய், சுமார் 32 கிலோமீட்டர். கரை நெடுக நீர்யானை, எருமை, தண்ணிக்கு வாற யானை, சின்னவருக்கு சிம்பன்சிய விட அதுதான் பிடிக்கும். தெற்கால இஷாஷா எண்ட பகுதியில சிங்கம் அத்திமரத்தில ஏறிப் படுத்திருக்கும், காணக் கிடைச்சா அதிர்ஷ்டம், கிடைக்காட்டியும் ஜீப் ட்ரைவரை நெருக்காதீங்கோ.

உவர்மலையில இருந்து ஒரு ஏ/எல் பயோ மாணவி: ஜேன் குடோல் சிம்பன்சி ஆராய்ச்சி செய்த கொம்பேக்கே போகலாமே? ஏன் கிபாலே?

நல்ல கேள்வி தங்கச்சி. ஜேன் குடோல் 1960 ஜூலையில, 26 வயசில, தன்சானியாவில இருக்கிற கொம்பேக்கு வந்து இறங்கினவ. அந்த வருஷமே சிம்பன்சி ஒண்டு புல்லுத்தண்டை கறையான் புத்துக்குள்ள விட்டு, அதில ஒட்டின கறையானை உருவித் தின்னுறதைக் கண்டு எழுதினவ, கருவி செய்து பாவிக்கிறது மனிசன் மட்டும்தான் எண்ட நினைப்பு அதோட போச்சு. 2025 ஒக்டோபர் 1-ல, 91 வயசில காலமாகும் வரைக்கும் ஊர் ஊராப் போய்ப் பேசிக்கொண்டுதான் இருந்தவ.

கொம்பே சின்னக் காடு, கிகோமா எண்ட டவுனில இருந்து தங்கனீக்கா ஏரியில போட்டிலதான் போகவேணும். அவ நடந்த இடத்தில நடக்கவேணும் எண்டு மனசு சொன்னா அங்கதான் போகவேணும், அதில எனக்கு மறுபேச்சு இல்லை. முதல்தரம் போற ஆளுக்கு நான் கிபாலேயச் சொல்லுறது, அது ரோட்டால போகக்கூடிய இடம், சுமார் 795 சதுர கிலோமீட்டர், 13 வகை குரங்கினம் இருக்கு, கிட்டத்தட்ட 1500 சிம்பன்சி. அங்க ங்கோகோ எண்ட பகுதியில இருந்த கூட்டம் ஒரு காலம் 200 அளவுக்குப் பெருத்தது, ஆராய்ச்சியாளர் அறிஞ்சதில அதுதான் ஆகப் பெரிய கூட்டம். நீங்கள் பயோ படிக்கிறபடியால சொல்லுறன், சிம்பன்சி பழம் மட்டும் தின்னிற சாது இல்லை, சேர்ந்து வளைச்சு சிவப்புக் கொலோபஸ் குரங்கைப் பிடிச்சுத் தின்னும். அதைக் காண நேர்ந்தா முகத்தைத் திருப்பாதீங்கோ, அதுவும் அவங்கட வாழ்க்கைதான்.

கன்னியாவில இருந்து ஒருவர்: கோணேசர் கோயிலடியில மான், மந்தி எல்லாம் இருக்கு. ஒரு மணித்தியாலம் போனா கவுடுல்லவில யானை. இவ்வளவு காசு கட்டி ஆபிரிக்காவுக்கு ஏன்?

ஐயா, இங்க இருக்கிறதைப் பார்க்காம அங்க போறதை நானும் ஒத்துக்கொள்ளமாட்டன். ஓகஸ்ட் செப்டெம்பரில மின்னேரியா, கவுடுல்ல குளங்கள் வத்தேக்குள்ள கூடுற யானைக் கூட்டத்தை காணாத ஆக்கள் முதல்ல அதைப் போய்ப் பாருங்கோ. ஆனா மந்தியும் சிம்பன்சியும் ஒண்டில்லை, சிம்பன்சிக்கு வாலே இல்லை, குரங்கை விட எங்களுக்குத்தான் கிட்டடிச் சொந்தம், மரபணுவில 98 வீதத்துக்கு மேல எங்களோட ஒத்துப்போகும். இரவுக்கு இரவு புதுசா கிளைய வளைச்சு இலை பரப்பிப் படுக்கை போடும், விடிய ஒண்டு கூப்பிட்டா தூரத்தில இருந்து மற்றது பதில் சொல்லும், பலகை மாதிரி நிக்கிற மர வேரில கையாலயும் காலாலயும் பறை அடிக்கிற மாதிரி அடிக்கும், அந்தச் சத்தம் நெஞ்சுக்குள்ள கேக்கும்.

நீங்கள் கோயிலடி மானைச் சொன்னதால எனக்கு ஒரு ஆதங்கம். பொலித்தீன் பையோட மான் மேயிறதை நாங்கள் நாளாந்தம் பார்த்துக்கொண்டு போறம், மந்திக்கு பிஸ்கட் எறிஞ்சு பிள்ளைக்குக் காட்டுறம். கிபாலேயில ஒரு வாழைப்பழத் தோல் கூட காட்டுக்குள்ள விடேலாது, சிம்பன்சிக்குப் பக்கத்தில வச்சு தின்னவும் ஏலாது. அந்தக் கட்டுப்பாட்டை கோயில் இருக்கிற கோட்டை வாசலிலயும் கொண்டு வரலாம், அதுக்கு டொலர் தேவையில்லை.

பல பேர் கேட்டது: என்னென்ன ஊசி போடவேணும்? மலேரியா பயமில்லையா?

இதைக் கவனமா வாசியுங்கோ. உகண்டாவுக்குள்ள போக மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட சேட்டிபிக்கட் கட்டாயம், திரும்பி வரேக்குள்ள இங்கயும் அதைக் கேப்பினம். கொழும்பு பொரளையில இருக்கிற மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில போடலாம், கோல் எடுத்து நாள் கேட்டிட்டுப் போங்கோ, திருகோணமலையில இருந்து போய் சும்மா திரும்பாதீங்கோ. ஊசி போட்டு 10 நாளுக்குப் பிறகுதான் அந்தச் சேட்டிபிக்கட் செல்லும், பேந்து ஆயுளுக்கும் அது போதும். 60 வயசுக்கு மேற்பட்ட ஆக்கள், முட்டை ஒத்துக்கொள்ளாத ஆக்கள் கட்டாயம் டொக்டரிட்டக் கேட்டுத்தான் போடவேணும். உப்புவெளி ரீச்சர், இது உங்களுக்கும்தான்.

மலேரியா அங்க வருஷம் முழுக்க இருக்கு. எங்கட ஆக்களுக்கு அந்தப் பயம் விட்டுப்போச்சு, 2012-க்குப் பிறகு இங்க உள்ளூரில பரவினது இல்லையெண்டே சொல்லலாம், 2016-ல இலங்கை மலேரியா இல்லாத நாடு எண்டு உலக சுகாதார நிறுவனம் அறிவிச்சது. அதுக்கு முந்தி இந்த மாவட்டம் பட்ட பாடு பெரியாக்களுக்குத் தெரியும். மலேரியா தடுப்பு இயக்கம் வெளிநாடு போற ஆக்களுக்கு தடுப்புக் குளிசை இலவசமாக் குடுக்குது, போக முதலே தொடங்கி வந்த பிறகும் சொன்ன நாள் வரைக்கும் போடவேணும், இடையில விடாதீங்கோ. வந்து மாதக்கணக்கில போனாலும் காய்ச்சல் வந்தா "ஆபிரிக்காவுக்குப் போய்வந்தனான்" எண்டு டொக்டரிட்ட முதல் சொல்லாவே சொல்லுங்கோ, ரத்தம் பாருங்கோ. உங்களுக்காக மட்டுமில்லை, எங்கட நுளம்பு இன்னும் இங்கதான் இருக்கு.

விசாவ ஒன்லைனில எடுக்கலாம், உகண்டாவுக்கு மட்டும் 50 டொலர். உடுப்பைப் பற்றிக் கேட்ட ஆக்களுக்கு: நீட்டுக் காற்சட்டைய சொக்ஸுக்குள்ள விட்டுக் கட்டுங்கோ, அங்க ஒரு எறும்பு படை படையா நடக்கும், கடிச்சா விடாது.

மூதூரில இருந்து ஒரு நண்பர்: நாங்கள் ஆறு பேர் போறம். அந்த நேரம் ஒருத்தருக்கு தடிமன் வந்தா 250 டொலரும் போயிடுமே. பனடோலைப் போட்டுக்கொண்டு சமாளிக்கலாமா?

வேண்டாம். சொல்லாம மறைச்சுப் போறதை மட்டும் செய்யாதீங்கோ, உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்கிறன்.

2013-ல கிபாலேயில கன்யவாரா எண்ட கூட்டத்தில திடீரெண்டு இருமலும் மூச்சுக் கஷ்டமும் பரவினது. 56 சிம்பன்சியில அஞ்சு செத்தது. செத்த ரெண்டு வயசுக் குட்டி ஒண்டிட உடம்பைச் சோதிச்சுப் பார்த்தா, இருந்தது மனிசரில தடிமன் உண்டாக்கிற ரைனோவைரஸ் சி. எங்கட பிள்ளைகளுக்கு மூக்கொழுகி நாலு நாளில போற அதே சாமான்தான், அவங்கட உடம்புக்கு அதைத் தாங்கேலாது. ஒரு தாய்ச் சிம்பன்சி அஞ்சு வருஷத்துக்கு ஒருக்காத்தான் பெறும், அந்தக் கணக்கில அஞ்சு உயிர் எண்டா என்ன எண்டு யோசிச்சுப் பாருங்கோ. மாஸ்க் போடச் சொல்லுறதும், தூர நிக்கச் சொல்லுறதும், ஒரு மணித்தியாலத்தில எழுப்பிக்கொண்டு வாறதும் இதுக்குத்தான்.

மூண்டாம் தரம் போகேக்குள்ள எனக்கே விடியக் காலமை தொண்டை கரகரத்தது. கன்யஞ்சுவில வச்சு ரேஞ்சரிட்டச் சொன்னன், அந்த மனிசி ஒரு வார்த்தை கோபமாக் கதைக்கேல்ல, நன்றி எண்டு சொல்லி ஒரு கதிரையத் தந்திட்டு மற்ற ஆக்களைக் கூட்டிக்கொண்டு போனவ. ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல அதில இருந்தன். ஒன்பதரை போல உள்ளுக்கு இருந்து ஒண்டு கூப்பிட்டது, பிறகு இன்னொண்டு, பிறகு காடு முழுக்கக் கூப்பிட்டது.

உங்கட காசுக்கு வழி இருக்கு. வருத்தம் வந்தா நாள் மாத்தலாமா, ஒரு பகுதியாவது திரும்புமா எண்டு புக் பண்ணேக்குள்ளயே கேட்டு எழுத்தில எடுங்கோ. கிபாலேயில ஒரு நாளுக்கு மேல தங்குறமாதிரிப் போடுங்கோ, ஒருத்தருக்குச் சுகமில்லாட்டி அடுத்த நாளுக்கு மாத்தக் கேக்கலாம். போறதுக்கு முதல் ரெண்டு கிழமை கலியாண வீடு, சாமத்திய வீடு, சனம் நெரிபடுற பஸ் எல்லாத்திலயும் ஆறு பேரும் மாஸ்க்கோட திரியுங்கோ, பிளேனிலயும் கழட்டாதீங்கோ.