மக்பெத் அழிந்தது பேராசையாலா, மனைவியாலா?

கேட்டவர் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை என்று நினைக்கிறேன். ஷேக்ஸ்பியரின் நாடகத்தில், நீ அரசனாவாய் என்று மூன்று சூனியக்காரிகள் சொன்னதைக் கேட்டு, தன் அரசன் டங்கனைக் கொன்று அரசனாகும் தளபதிதான் மக்பெத். உங்கள் நோட்ஸில் 'மக்பெத்தின் மனைவிதான் நான்காவது சூனியக்காரி' என்று ஒரு வரி இருந்தால் அதை வெட்டி விடுங்கள். மட்டக்களப்பு வந்தாறுமூலையில் படித்த காலத்தில் நானும் அதை எழுதி மாக்ஸ் எடுத்தவள்தான்.

2018 உள்ளூராட்சித் தேர்தலில் என் கணவர் பிரதேச சபைக்குக் கேட்டார். ஆசை அவருக்குள்ளே முன்பே கிடந்தது. கோயில் திருவிழாவில் யாரோ "அடுத்த தவிசாளர் நீங்கதான்" என்று சொல்லிவிட்டுப் போன இரவு அவர் நித்திரை கொள்ளவில்லை. முதலில் என்னிடம்தான் சொன்னார். "உங்களுக்கென்ன குறை, கேட்டுப் பாருங்களன்" என்றேன். அதை மறைக்க மாட்டேன். எங்கள் பக்கம் வீடும் வயலும் பெண்ணுக்கே எழுதுவார்கள், மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். படுவான்கரையில் என் சீதன வயல் இரண்டு ஏக்கரை விற்கக் கையெழுத்து வைத்ததும் நான்தான்.

தோற்றார். மச்சாள் எங்கள் முற்றத்தில் நின்று, "என்ட தம்பி பச்சப் புள்ள, அவள்தான் ஏத்தி விட்டவள்" என்றா. பச்சப் பிள்ளைக்கு அப்போது வயது 46.

இடையில் நடந்தது ஒருவருக்கும் தெரியாது. வேட்புமனு போட்ட நாளிலிருந்து போன் வந்தால் அவர் வெளியே போய்விடுவார். யார் என்று கேட்டால், "உனக்கு விளங்காது." எங்கே கடன் பட்டார் என்பதைக் கடன் கொடுத்தவர்கள் வந்தபோதுதான் அறிந்தேன்.

மறுகா ஒரு நாள் பழைய புத்தகத்தை எடுத்தேன். தொடக்கத்தில் வரும் கடிதத்தில் மக்பெத் மனைவியைத் தன் பெருமையின் பங்காளி என்று எழுதுகிறான். கொலை வேண்டாம் என்று அவன் பின்வாங்கும்போது, நீ ஆம்பிளையா என்று கேட்டு அவள் தள்ளுகிறாள். உண்மைதான். கொன்ற கத்திகளை அரசனின் அறையில் திரும்பக் கொண்டுபோய் வைத்ததும் அவள்தான். கொலைகாரிக்கு வக்காலத்து வாங்குகிறாள் என்று எழுத வருகிறவர்கள் இதை வாசித்துவிட்டு எழுதுங்கள். ஆனால் தூங்கும் டங்கன் தன் தகப்பனைப் போல் இருந்ததால்தான் தன்னால் குத்த முடியவில்லை என்றும் அவள் சொல்கிறாள்.

மூன்றாம் அங்கம் இரண்டாம் காட்சிக்கு வாருங்கள். மக்பெத் தன் கூட்டாளி பாங்கோவைக் கொல்ல ஆள் விட்டாயிற்று. என்ன செய்யப் போகிறாய் என்று கேட்கிறாள். நீ அறியாமலே இரு என்கிறான், நாங்கள் 'கிளி' என்று கூப்பிடுவது போல ஒரு செல்லச் சொல்லும் சேர்த்து. அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். பிறகு, தன்னை எதிர்த்த பிரபு மக்டஃபின் மனைவி பிள்ளைகளைக் கொல்லுவித்ததும் இவளைக் கேட்டல்ல. அவள் செத்த செய்தி வரும்போது, பிறகொரு நாள் செத்திருக்கலாம் என்கிறான். ஆசை அவனுடையது. அதைச் சொல்ல அவனுக்கு ஒரு உறவு இருந்தது. அந்த உறவைத்தான் ஆசை முதலில் தின்றது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் வயலை வாங்கினவர் வாய்க்காலை மறித்துவிட்டார். மிச்சமுள்ள ஒரு ஏக்கருக்கு இரண்டு சிறுபோகமாகத் தண்ணீர் இல்லை. சொல்ல வேண்டிய இடத்தில் நாலு தரம் சொல்லியாயிற்று. "ஆம்பிளை ஒருத்தரை அனுப்புங்க" என்கிறார்கள். வயல் என் பெயரில், உறுதி என் கையில்! திங்கட்கிழமை திரும்பவும் போகிறேன். என் கணவரும் வருகிறேன் என்றிருக்கிறார்.