ஓர் ஏக்கரிலும் தக்காளி போடலாமா?

கேள்வி: எங்களுக்கு ஓர் ஏக்கர் நிலமும் ஒரு கிணறும் உண்டு, கோடையில் ஊற்று குறைந்துவிடும். மானாவாரியாகச் சிறுதானியம் விதைக்கிறோம். ஆண்டுக்கொருமுறை வரும் பணம் பழைய கடனின் வட்டிக்கே போய்விடுகிறது. வேலை செய்ய நானும் மனைவியும்தான். இன்னும் கொஞ்சம் கடன் வாங்கி நிலம் முழுவதும் தக்காளி நட்டால் மீள முடியுமா?

பதில்: உங்கள் நிலையில் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தக்காளி நல்ல பயிர்தான். ஆனால் ஒரே நாளில் நட்டது ஒரே சமயத்தில் பழுக்கும். அதே வாரத்தில் மற்றவர்கள் தோட்டமும் பழுக்கும். பழுத்ததை அதிக நாள் வைத்திருக்கவும் முடியாது என்பதால், விலை சரியும்போது பறிகூலிகூடத் தேறாமல் பழத்தைச் செடியிலேயே விட்டுவிட நேரும். அப்போதும் புதுக்கடன் உங்கள் தலையில்தான் நிற்கும்.

நீங்கள் எழுதியதில் என் கண்ணில் பட்டது, வரவு ஆண்டுக்கொருமுறையும் செலவு வாரந்தோறும் இருப்பதுதான். இடையிலுள்ள மாதங்களை வட்டிக் கடன்தான் நிரப்புகிறது. சிறிய பரப்பில் காய்கறி வைப்பதால் வாரந்தோறும் கொஞ்சமாவது பணம் கைக்கு வரும். புதுக்கடனுக்கான தேவை முதலில் குறையும்.

எவ்வளவு பரப்பு என்பதைக் கிணற்றைக் கேட்டு முடிவு செய்யுங்கள். வெயில் காலத்தில் காய்கறிப் பயிருக்கு நாளொன்றுக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் வேண்டும்; ஒரு சென்ட் ஏறத்தாழ 40 சதுர மீட்டர் ஆகையால், சென்ட்டுக்கு 200 லிட்டர், வாய்க்காலில் வீணாவது தனி. வறண்ட மாதத்தில் ஒரு நாளைக்கு 5,000 லிட்டர் ஊறினால் 20 சென்ட்டுக்கு மேல் ஆசைப்பட வேண்டாம். மீதி நிலத்தில் சிறுதானியமே தொடரட்டும். அது வீட்டுச் சாப்பாட்டுக்கு ஆகும்.

ஏக்கருக்கு 10 டன் என்ற கணக்கில், 20 சென்ட்டுக்கு 2 டன் மக்கிய தொழுவுரம் இட்டு, நிலத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கீரையைப் பத்து நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு துண்டாக விதைத்தால், ஏறத்தாழ 25ஆம் நாளிலிருந்து விற்பனை தொடங்கும். முள்ளங்கியும் வெண்டையும் 45 நாளையொட்டிக் கைக்கு வரும். கத்தரி தாமதமாகத்தான் காய்க்கத் தொடங்கும் என்றாலும் பல மாதம் காய்க்கும். அதில் நுனிக்குருத்து வாடித் தொங்கினால் உள்ளே துளைப்பான் புழு இருக்கிறது என்று பொருள், வாடிய பகுதிக்குச் சற்றுக் கீழே கிள்ளி அழித்துவிடுங்கள். விதைக்கும் முன்பே, வாங்குபவர்கள் இரண்டு மூன்று பேரிடம் எந்தக் காய், எந்தக் கிழமையில் வேண்டும் என்று கேட்டு வைப்பது நல்லது.

வெண்டையைப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஒன்றுவிட்டு ஒருநாள் கட்டாயம் பறிக்க வேண்டும். காயின் நுனியை விரலால் வளைத்தால் பட்டென ஒடிய வேண்டும். ஒடியாமல் நார் தொங்கினால் பறிப்பு பிந்திவிட்டது. முற்றிய காயைச் செடியில் விட்டால் செடியின் சத்து விதைக்குப் போய், புதுப் பூ குறையும். இருவர் கைக்கு 5 சென்ட் வெண்டையே போதும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். சுணை அரிப்பு பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

விதை, உரம், போக்குவரத்து ஆகியவற்றோடு உங்கள் இருவரின் கூலியையும் நோட்டில் எழுதுங்கள். கூலியை எழுதாவிட்டால் நட்டமான பயிரும் லாபமாகத் தோன்றும்.

தக்காளியை அடியோடு விட வேண்டியதில்லை. 3 சென்ட்டில், மூன்று வார இடைவெளியில் இரண்டு தவணையாக நடலாம். முந்தைய போகத்தில் கத்தரியோ மிளகாயோ இருந்த பாத்தியில் மட்டும் நடாதீர்கள். மூன்றும் ஒரே குடும்பம் என்பதால் வாடல் நோயும் வேர்முடிச்சு நூற்புழுவும் மண்ணிலேயே காத்திருக்கும்.