கூப்பிட்டால் திரும்பாத அந்தப் பத்து விநாடி

கேள்வி: என் மகனுக்கு 8 வயது. ஆட்டிசம் என்று 4 வயதிலேயே சொல்லிவிட்டார்கள். இப்போது வகுப்பில் அடிக்கடி எங்கேயோ பார்த்தபடி உறைந்துபோகிறான், ஏ.டி.எச்.டி.யும் (கவனக்குறைவும் அதீதத் துறுதுறுப்பும்) இருக்கலாம் என்கிறார் ஆசிரியை. வீட்டுப் பெரியவர்கள் திமிர் என்கிறார்கள். ஒரே பிள்ளைக்கு எத்தனை பெயர்தான் வைப்பார்கள்?

பதில்: திமிரை முதலில் தள்ளிவிடுங்கள், அது இல்லவே இல்லை. ஆட்டிசமும் ஏ.டி.எச்.டி.யும் ஒருவருக்கே இருப்பது சகஜம். 2013 வரை மருத்துவர்கள் பார்த்து நோயின் பெயரை முடிவுசெய்யும் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் ஒருவருக்கே இரண்டையும் சேர்த்து எழுத இடமில்லை, பிறகுதான் மாற்றினார்கள்.

ஆனால் என்னை உறுத்துவது நீங்கள் எழுதிய 'உறைந்துபோகிறான்' என்ற சொல். வலிப்பு என்றாலே கீழே விழுந்து கைகால் இழுப்பதுதான் என்று நினைக்கிறோம். சத்தமே இல்லாத வகையும் உண்டு. பேசிக்கொண்டிருக்கும்போதே பாதி வார்த்தையில் நின்று, சுமார் 10 விநாடி பார்வை நிலைகுத்தி, இமை லேசாகத் துடித்து, பிறகு ஒன்றுமே நடக்காததுபோல விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள், ஒரே நாளில் பல தடவைகூட வரும். அந்த நேரத்தில் சொன்ன பாடம் பிள்ளைக்குள் போகவே இல்லை, அதற்குத் திட்டு வாங்குவது என்ன நியாயம்? ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வலிப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதால் இதைச் சும்மா விடக்கூடாது.

பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்ப்பது உங்கள் மகனிடம் சரிவராது, சாதாரணமாகவே திரும்பாமல் இருக்கலாம். தோளை மெல்லத் தொடுங்கள், தொட்டால் பிடிக்காது என்றால் அவனுக்கு ரொம்பப் பிடித்த பொருளைக் கண்ணெதிரே காட்டுங்கள். பராக்குப் பார்க்கும் பிள்ளை பெரும்பாலும் கலைந்துவிடும், வலிப்பு தானாக முடியும்வரை கலையாது. இதை வைத்து நீங்களே முடிவுக்கு வராமல், செல்போனில் வீடியோ எடுத்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள், நீங்கள் வாயால் விவரிப்பதைவிட அது அவருக்கு உதவும்.

மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி. சோதனை எடுக்கச் சொல்வார்கள். வலிக்காது, ஆனால் தலையில் பசைபோல ஒன்றைத் தடவி வயர்களை ஒட்டுவார்கள், அதுதான் நம் பிள்ளைகளுக்குக் கஷ்டம். சில நாள் முன்பிருந்தே தலையைத் தொட்டுப் பழக்குங்கள், என்ன நடக்கும் என்று படம் வரைந்து காட்டுங்கள். மருந்து ஆரம்பித்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். சில வலிப்பு மருந்துகள் சில பிள்ளைகளுக்கு எரிச்சலையும் கோபத்தையும் கூட்டும், அதை ஆட்டிசத்தின் கணக்கில் எழுதிவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: வலிப்பு வந்தவர் நாக்கை விழுங்காமலிருக்க வாயில் கரண்டி வைக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. நாக்கை யாராலும் விழுங்க முடியாது, கரண்டியால் பல்தான் உடையும். கைகாலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். தலைக்கடியில் மெத்தென்று எதையாவது வைத்துவிட்டு மணி பாருங்கள், 5 நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். உதறல் நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், முழுதாகத் தெளியும்வரை தண்ணீர்கூட வேண்டாம். அவருக்கு ஆட்டிசமும் இருந்தால் கூட்டத்தை விலக்கி, சத்தத்தையும் வெளிச்சத்தையும் குறைத்து, ஒரே ஒருவர் மட்டும் பக்கத்தில் இருங்கள்.