கடைசிப் பாட்டு கரகரத்தால் டோன் ஆர்மை மாற்ற வேண்டுமா?

கேள்வி: என்னிடம் பயன்படுத்திய நிலையில் வாங்கிய டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 டர்ன்டேபிள் இருக்கிறது. இசைத்தட்டின் முதல் பாட்டு நன்றாக இருக்கிறது. கடைசிப் பாட்டு வரும்போது குரல் கரகரக்கிறது. ‘ச’, ‘ஷ’ ஒலிகள் சிதறுகின்றன. எல்பி என்ற பெரிய தட்டுகளிலும் அப்படித்தான், அப்பா சேர்த்துவைத்த தமிழ்ப் படப் பாட்டு ஈபி என்ற சிறிய தட்டுகளிலும் அப்படித்தான். ஊசியைத் தாங்கும் கையான இந்த ‘எஸ்’ வடிவ டோன் ஆர்மைக் கழற்றிவிட்டு ரேகா (Rega) நிறுவன வகை நேர்க் கையைப் பொருத்தினால் சரியாகிவிடும், எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய் என்கிறார் ஆன்லைனில் விற்கும் ஒருவர். கொடுக்கலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கொடுக்காதீர்கள். அவர் மறுபடி அழைத்தாலும் முன்பணம்கூட அனுப்பாதீர்கள்.

டோன் ஆர்ம் கெட்டுப்போயிருந்தால் அது பெரும்பாலும் கடைசிப் பாட்டு வரை காத்திருக்காது. முதல் பாட்டிலேயே ஏதாவது ஒரு வகையில் காட்டிக்கொடுத்திருக்கும். உங்கள் தொல்லை தட்டின் உள்வட்டத்தில் மட்டும் வருகிறது. எல்பி நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றுகிறது. வெளி விளிம்பில் ஒரு நொடிக்குச் சுமார் 51 சென்டிமீட்டர் தடம் ஊசியின் அடியில் ஓடுகிறது. உள்வட்டத்துக்கு வரும்போது அது சுமார் 21 சென்டிமீட்டராகக் குறைந்துவிடுகிறது. ஒரு நொடிக்கான ஒலி முழுவதும் பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி வெட்டப்பட்டிருக்கிறது. ‘ச’, ‘ஷ’ போன்ற கூரிய ஒலிகளின் நெளிவுகள் அங்கே மிகவும் நுணுக்கமானவை. தேய்ந்த ஊசியோ முனை உருண்டையான ஊசியோ அந்த நெளிவுக்குள் இறங்க முடியாமல் தட்டுத்தடுமாறும். எந்தக் கையைப் பொருத்தினாலும் அந்தத் தடம் நீளப்போவதில்லை.

ஆகவே முதலில் ஊசியைப் பாருங்கள். பயன்படுத்திய டர்ன்டேபிளோடு வந்த ஊசியின் வயதை விற்றவரே அறிந்திருக்க மாட்டார். நீள்வட்ட முனை ஊசியோ, அதைவிட மெல்லிய மைக்ரோலீனியர் முனை ஊசியோ போட்டுப் பாருங்கள். ஆடியோ-டெக்னிகாவின் விஎம்95 வரிசையில் ஒரே கார்ட்ரிட்ஜில் (ஊசியின் அசைவை மின் அலையாக மாற்றும் சிறு பெட்டி) பல வகை ஊசிகளை மாற்றி மாற்றிச் செருகலாம். உங்கள் டோன் ஆர்மின் எடைக்கும் அது பொருந்தும். வாங்கும்போது ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். ‘புத்தம் புதிய ஒரிஜினல் ஷூர் ஊசி’ என்று இன்றைக்கும் விற்கிறார்கள். ஷூர் நிறுவனம் 2018லேயே கார்ட்ரிட்ஜ், ஊசி தயாரிப்பை நிறுத்திவிட்டது. இப்போது அந்தப் பெயரில் கைக்கு வருவது பழைய சரக்கு, அல்லது வேறொருவர் செய்தது. வேறொருவர் செய்ததில் நல்லவையும் உண்டு. ஆனால் ஒரிஜினல் விலைக்கு அதை வாங்கக் கூடாது.

இனி அந்த விற்பனையாளர் சொல்வதைப் பார்ப்போம். டோன் ஆர்மை மாற்றுவதில் முதலில் பார்க்க வேண்டிய அளவு இதுதான்: தட்டு சுழலும் நடு அச்சிலிருந்து கை திரும்பும் அச்சு வரை உள்ள தூரம். உங்கள் டெக்னிக்ஸில் அது 215 மில்லிமீட்டர். ரேகா கைகளுக்குச் சுமார் 222 மில்லிமீட்டர் வேண்டும். இந்த 7 மில்லிமீட்டரைச் சரியாக ஈடுகட்டும் பொருத்துதட்டு இருந்தால்தான் அந்தக் கை உங்கள் டர்ன்டேபிளில் உட்கார முடியும். அது இல்லாமல் பழைய துளையிலேயே எப்படியோ முடுக்கிக் கொடுப்பவர்களும், ‘எல்லாவற்றுக்கும் பொருந்தும்’ என்று தகரத் துண்டு ஒன்றை அனுப்புபவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் ஊசி எந்த இடத்திலும் தடத்துக்கு நேராக நிற்காது. இப்போது கடைசிப் பாட்டில் மட்டும் கேட்கும் கரகரப்பை முதல் பாட்டிலிருந்தே கேட்பீர்கள். அவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: “நீங்கள் தரும் பொருத்துதட்டில் அச்சுக்கு அச்சு எத்தனை மில்லிமீட்டர்?” எண்ணைச் சொல்லாமல் ‘ஒலி மேடை’, ‘இதமான குரல்’ என்று பேச ஆரம்பித்தால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள்.

கழற்றிய பழைய கையை ‘நானே எடுத்துக்கொண்டு விலையில் கழித்துக்கொள்கிறேன்’ என்பார்கள். கொடுத்துவிடாதீர்கள். எம்கே2 கைக்கு உதிரிப் பாகச் சந்தையில் நல்ல கிராக்கி உண்டு. கழித்த தொகையைவிடக் கூடுதலாக அதை விற்றுவிடுவார்கள். அசல் கை இல்லாத டெக்னிக்ஸை நாளைக்கு நீங்கள் விற்கப்போனால் விலை விழுந்துவிடும். இன்னொரு கூட்டம் ‘உள்ளே வெள்ளிக் கம்பி போட்டுத் தருகிறேன்’ என்று வரும். டோன் ஆர்முக்குள் ஓடும் கம்பி தலைமுடி போல மெல்லியது. அதைக் கழற்றும்போது கை திரும்பும் பேரிங்கின் திருகைக் கால் சுற்று கூடுதலாக முடுக்கிவிட்டால் போதும், கை சுதந்திரமாக நகராது. அதற்குப் பிறகு எந்தப் பாட்டும் சரியாகக் கேட்காது. அந்தத் திருகை யாரையும் தொடவிடாதீர்கள்.

ஊசியை மாற்றியதும் கார்ட்ரிட்ஜின் பொருத்துகோணத்தைச் சரிபார்க்க வேண்டும். உங்கள் தொல்லைக்கு அதுதான் பெரும்பாலும் இரண்டாவது காரணம். கையைச் சமநிலைப்படுத்தி, ஊசியழுத்தத்தைத் தயாரிப்பாளர் சொல்லும் வரம்பின் மேல் பாதியில் வையுங்கள். குறைவாக வைத்தால் தட்டு தேயாது என்று நினைப்பது தவறு. குறைவான அழுத்தத்தில் ஊசி துள்ளித் தடத்தைக் கீறுகிறது. டோன் ஆர்மில் இருக்கும் எண் வளையத்தை நம்பாமல் சிறிய டிஜிட்டல் ஊசித் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கை உள்நோக்கி இழுபடுவதை ஈடுகட்டும் ஆன்டி-ஸ்கேட்டிங் குமிழையும் அதே எண்ணில் வையுங்கள். இணையத்திலிருந்து அச்சிடும் கோண அட்டையை நம்புவதற்கு முன் அதில் உள்ள அளவுக்கோட்டை உண்மையான அளவுகோலோடு ஒப்பிடுங்கள். பிரின்டர் தாளுக்கேற்பச் சுருக்கி அச்சிட்டிருந்தால் அந்த அட்டையால் எந்தப் பயனும் இல்லை.

பலரும் ‘டெக்னிக்ஸ் சொன்ன அளவு தவறு, பேர்வால்டு முறையில் வையுங்கள்’ என்பார்கள். கார்ட்ரிட்ஜை எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் பொருத்துவது என்பதற்கான ஒரு கணக்கு முறை அது. எல்பி மட்டும் கேட்பவருக்கு அது நல்ல யோசனைதான். நீங்கள் ஈபி கேட்பவர். உங்களுக்கு அது பொருந்தாது. இந்த விதிவிலக்கை அதிகம் பேர் சொல்வதில்லை என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

டோன் ஆர்ம் ஒரு வில் போல வளைந்து நகர்வதால் தட்டில் இரண்டு இடங்களில் மட்டுமே ஊசி தடத்துக்கு மிகச் சரியாக நேராக நிற்கும். பேர்வால்டு முறையில் அந்த இடங்கள் நடுவிலிருந்து 66 மில்லிமீட்டரிலும் சுமார் 121 மில்லிமீட்டரிலும் வருகின்றன. எல்பிக்கு இது பொருத்தம். ஆனால் 7 அங்குல ஈபியின் தடம் வெளி விளிம்பிலேயே சுமார் 84 மில்லிமீட்டரில்தான் தொடங்குகிறது. 121 என்ற இடம் அதில் இல்லவே இல்லை. இந்தியாவில் கிராமஃபோன் கம்பெனி வெளியிட்ட படப் பாட்டு ஈபிக்களில் பெரும்பாலும் பக்கத்துக்கு இரண்டு பாட்டு இருந்ததால் தடம் நடுவை நோக்கி வெகுதூரம் உள்ளே போகும். 54 மில்லிமீட்டர் வரை போகும் ஒரு தட்டில் பேர்வால்டு முறைப்படி வைத்த ஊசி கடைசியில் ஏறக்குறைய 2 டிகிரி விலகி நிற்கும். டெக்னிக்ஸ் சொன்னபடியே, ஊசி முனையிலிருந்து ஹெட்ஷெல்லின் (கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கை நுனிப் பகுதி) பின் விளிம்பு வரை 52 மில்லிமீட்டர் இருக்குமாறு வைத்தால் நேராக நிற்கும் இடங்கள் சுமார் 59, 113 மில்லிமீட்டரில் வரும்; ஈபியின் கடைசியில் விலகல் 1 டிகிரிக்கும் குறைவு. இரண்டாவது பாட்டின் கடைசி வரியில் ‘ச’ சிதறுவதற்கும் சிதறாததற்கும் இந்த வித்தியாசம் போதும்.

ஆக, ஈபிக்கு 52 மில்லிமீட்டர். எல்பிக்கு ஊசி சுமார் 3 மில்லிமீட்டர் முன்னால் தள்ளி, சிறிது உட்புறம் திருப்பி. இரண்டும் வேண்டுமென்றால் என்ன செய்வது? அதற்குத்தான் உங்கள் டோன் ஆர்மில் கழற்றி மாட்டும் ஹெட்ஷெல் இருக்கிறது. ஒரே எடையுள்ள ஹெட்ஷெல் இரண்டு, ஒரே கார்ட்ரிட்ஜ் இரண்டு. ஒன்றை எல்பிக்கும் மற்றதை ஈபிக்கும் சரிசெய்து வைத்துக்கொள்ளுங்கள். கழுத்து வளையத்தைத் திருகி மாற்ற அரை நிமிடம் ஆகும். அவர் விற்க நினைக்கும் நேர்க் கையில் ஹெட்ஷெல் கையோடு ஒட்டியே இருக்கும். உங்களைப் போன்ற சேகரிப்பாளருக்கு உண்மையிலேயே பயன்படும் ஒரே வசதியைப் பணம் கொடுத்து இழக்கச் சொல்கிறார் அவர்.

எந்தக் கார்ட்ரிட்ஜ் எந்தக் கைக்குப் பொருந்தும் என்பதை நீங்களே கணக்கிட்டுத் தெரிந்துகொள்ளலாமே என்று கேட்பீர்கள். தெரிந்துகொள்ள விடுவதில்லை. அந்தக் கணக்குக்கு ஊசி எவ்வளவு எளிதில் வளைந்துகொடுக்கிறது என்ற நெகிழ்வுத்தன்மை எண் வேண்டும். அதை ஜப்பானிய நிறுவனங்கள் பல 100 ஹெர்ட்ஸில் அளந்து எழுதுகின்றன. கணக்குக்குத் தேவைப்படுவதோ 10 ஹெர்ட்ஸ் எண். எந்த அதிர்வெண்ணில் அளந்தோம் என்பதைக்கூடச் சில பெட்டிகளில் அச்சிடுவதில்லை. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு பொது முறைக்கு வராமல் வாங்குபவரை இருட்டில் வைத்திருக்கிறார்கள். இந்த இருட்டில்தான் இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள்.

டோன் ஆர்மில் உண்மையிலேயே பழுது இருக்கிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஊசியழுத்தமும் ஆன்டி-ஸ்கேட்டிங்கும் பூஜ்யத்தில் இருக்க, கை காற்றில் மிதக்கட்டும். ஹெட்ஷெல்லை இரு விரலால் பிடித்து மெல்ல முன்னும் பின்னும் அசையுங்கள். பேரிங்கில் ஆட்டமோ ‘டக்’கென்ற ஓசையோ இருக்கக் கூடாது. லேசாக ஊதினால் கை எங்கும் நிற்காமல் நகர வேண்டும். இதில் தோற்றால் மட்டும் டோன் ஆர்மை மாற்றுங்கள். அப்போதும் அதே எம்கே2வுக்குரிய முழுக் கையைத்தான். வெளிநாட்டிலிருந்து பழைய கையை வரவழைக்கும் எண்ணம் இருந்தால் முதலில் விசாரியுங்கள். பயன்படுத்திய பொருளை இறக்குமதி செய்யக் கட்டுப்பாடு உண்டு. ஒரு பழைய டர்ன்டேபிளைப் பழுதுபார்க்க நினைப்பவர் சுங்கத்தில் சிக்கிக்கொண்டு நிற்கிறார். நல்ல உதிரிப் பாகத்துக்கு நேர்மையான வழி இல்லாததால் போலிச் சரக்கு தாராளமாகப் புழங்குகிறது.

புதிய ஊசி போட்டு, கோணத்தைச் சரிசெய்த பிறகு, இதுவரை உங்கள் டர்ன்டேபிளில் ஓடாத ஒரு புதிய எல்பியின் கடைசிப் பாட்டைக் கேளுங்கள். அது தெளிவாக இருந்து அப்பாவின் ஈபிக்களில் சில மட்டும் கரகரத்தால், அந்தத் தடங்கள் அந்தக் காலத்துக் கனமான ஊசித் தலைகளால் ஏற்கெனவே தேய்ந்துவிட்டன. அவற்றை ஒருமுறை நன்றாகக் கழுவிப் பாருங்கள். அதன் பிறகும் கரகரப்பவற்றுக்கு வேறு பிரதி தேடுவதுதான் வழி.